பெட்டி சொன்ன மணி

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்னைக்கு ஒரு பொண்ணு கடைக்கு வந்துச்சு. முடியைக் கழுத்தோட வெட்டி, தோள்ல பெரிய பை. பேரு தமயந்தியாம், சென்னையாம், கலைஞராம். "படம் வரைவீகளா?"ன்னு கேட்டேன். "இல்லக்கா, கேமராவைப் பத்தி வேலை பண்றேன்"னா. நானும் பதினோரு வருசமா அதைத்தான் பண்றேன். என்னை ஒருத்தரும் கலைஞர்னு சொன்னதில்ல.

மூணு நாளா கோவில்பட்டி பஜார்ல நடந்து நடந்து கேமராவை எண்ணியிருக்கா. மொத்தம் நூத்தி அறுபத்தி ரெண்டாம். அதுல நூத்திப் பதினெட்டுல 'கொடி கேமரா சர்வீஸ்'னு நம்ம ஸ்டிக்கர் இருக்காம். "பஜாரையே பார்க்க வச்ச ஆளை நான் பார்க்கணும்னு தோணுச்சுக்கா"ன்னா. எனக்கு உள்ளுக்குள்ள குளுந்து போச்சு. வெளிய காட்டிக்கல. "மிச்சம் நாப்பத்தி நாலுல வயரு தொங்கும், பார்த்தீகளா?"ன்னு மட்டும் கேட்டேன். பார்த்தாளாம். கெட்டிக்காரிதான்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டா. "ஒரு கேமரா மொத மொதல்ல எதைக்கா பார்க்கும்?"

"இதென்ன கேள்வி, என் மூஞ்சியைத்தான்!"

நான் விளக்கிச் சொன்னேன். கேமராவை மாட்டி லைன் குடுத்ததும் ஏணியில நின்னபடியே லென்சைத் துடைப்பேன். அப்ப படம் பூரா என் மூக்குதான். அடுத்து இடது கை வாட்சை லென்சுக்கு நேரா காட்டுவேன். கீழ டிவி முன்னாடி எங்க வீட்டுக்காரரு லிங்கராசு உக்காந்திருப்பாரு. படத்தைப் பதிவு பண்ற பெட்டி மூலையில காட்டுற மணியும் என் வாட்சு மணியும் ஒண்ணான்னு பார்த்து "சரி"ன்னு குரல் குடுப்பாரு. அந்த ஒரு நிமிசத்தை மட்டும் பென் டிரைவ்ல எடுத்து வச்சுக்குவேன். நாளைப் பின்ன எவனும் "நீ மாட்டுன அன்னைக்கே ஓடல"ன்னு சொல்லக் கூடாதுல்ல.

"எத்தனை வச்சிருக்கீங்க?"

"நானூத்திப் பன்னெண்டு."

தமயந்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டா. காப்பி வாங்கிக் குடுத்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில அரிசி ஆலையில நாலு கேமரா. உமி பூரா மூக்குல. மத்தியானம் தமயந்தி வந்து கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் ஓட்டிப் பார்த்தா. நானும் இத்தனை நாள் ஒண்ணா உக்காந்து பார்த்ததில்ல. ஆத்தாடி, எத்தனை ஜெயக்கொடி! மொத வருசம் ரெட்டைச் சடை போட்ட மாதிரி சின்னப் பிள்ளை மூஞ்சி. அப்புறம் மூக்குத்தி வருது. நரை வருது. ஒண்ணுல கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. அம்மா செத்துப் பதினாறு முடிஞ்ச மறுநாள், மருந்துக்கடைக்கு வாக்குக் குடுத்திருந்தேன், போய் மாட்டினேன். அதுலயும் வாட்சைக் காட்ட மறக்கல.

தமயந்தி யோசனை இதுதான். எல்லாத்தையும் பெட்டி மணிப்படி அடுக்கி, காலை ஒன்பதுல இருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் ஒரே நாள் மாதிரி பெரிய திரையில ஓட்டுறது. ஒரே நாள்ல ஒரு பொம்பளைக்கு வயசு கூடும், குறையும், திரும்பக் கூடும். "ஊரைப் பார்க்கிற கேமரா எல்லாம் திரும்பி, அதை மாட்டுன ஆளைப் பார்க்கட்டும்க்கா"ன்னா.

"யார் பேரு போடுவீக?"ன்னு கேட்டேன். கேக்கணும்ல. வெளியூர்க்காரக வந்து போட்டோ எடுத்துட்டுப் போய்த் தன் பேரைப் போட்டுக்கிடுறதை எத்தனை பார்த்திருக்கோம்.

"ரெண்டு பேரும். உங்க பேரு மொதல்ல."

சரின்னுட்டேன். இன்னொண்ணும் சொன்னேன். எந்தக் கடையில எடுத்த படமோ அந்தக் கடைக்காரர் சம்மதம் இல்லாம ஒண்ணும் வெளிய வரக் கூடாது. அதுக்கு அவ, "நானே சொல்லணும்னு இருந்தேன்"னா.

எங்க வீட்டுக்காரரு பேப்பரை வாசல் வெயில்ல கொண்டு போய் மூஞ்சிக்கிட்ட வச்சுப் படிச்சுட்டு இருந்தாரு. இப்ப கொஞ்ச வருசமாவே வெயில்லதான் படிக்கிறாரு. வெளிச்சம் பிடிக்குமாம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கடை கடையா ஏறி இறங்குறோம். ஒவ்வொருத்தருக்கும் அவுக கடைப் படத்தைப் போன்ல காட்டிக் கையெழுத்து. கடலை மிட்டாய்க்காரர் பார்த்துட்டு, "ஏம்மா கொடி, அப்ப இம்புட்டு ஒல்லியாவா இருந்த?"ன்னாரு. "உங்க மிட்டாயைத் தின்னுதான் இப்படி ஆனேன்"னேன். கடையே சிரிச்சது.

ஒரே ஒருத்தர் மாட்டேன்னுட்டாரு. அவரு இஷ்டம். அதை அழிச்சாச்சு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மூணு வீடு, பதினோரு கேமரா. முதுகு வலி.

ஆகஸ்ட் 16, சனி

பாத்திரக்கடை ஐயம்பெருமாள் அண்ணாச்சிதான் வியாபாரிகள் சங்கச் செயலாளர். சங்க மண்டபத்தை அவரே தாரேன்னுட்டாரு. "நம்ம ஊருப் பொம்பளை. நம்ம கேமரா. மொத காட்சி இங்கதான். பாராட்டு விழாவும் சேர்த்து வச்சிருவோம் தாயி. செப்டம்பர் பதினாலு." அழைப்பிதழ்ல என்ன போடணும்னு கேட்டாரு. தமயந்தி முந்திக்கிட்டு, "கலைஞர் ஜெயக்கொடி"ன்னா.

வீட்டுக்கு வந்து இவருகிட்டச் சொன்னேன். "கலைஞருக்கு ராத்திரி தோசையா உப்புமாவா?"ன்னு கேட்டாரு. கிண்டல். ஆனா மனுசன் மூஞ்சியில அப்படி ஒரு சந்தோசம். பன்னெண்டாம் வகுப்போட நின்னவ நான். சாமி சத்தியமா எனக்கு இன்னைக்குத் தூக்கம் வராது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மண்டபத்துல ஒத்திகை. சுவரு பூரா என் மூஞ்சி, எட்டடி உசரம். நானும் இவரும் நாற்காலி போட்டுப் பார்த்துட்டு இருந்தோம். சாயங்காலம் ஏழு மணிப் படம் ஓடிட்டு இருக்கும்போது தமயந்தி நிறுத்துனா.

"அக்கா, இதுல வாட்சு நாலு நாப்பது காட்டுது. மூலையில ஏழு பத்துன்னு இருக்கு."

"வாட்சு நின்னு போயிருக்கும்"னு சிரிச்சேன். அவ திரும்ப ஓட்டுனா. நொடிமுள்ளு நல்லா ஓடுது.

ரெண்டரை மணி நேரம் கூட. எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. இந்தப் பெட்டியெல்லாம் சைனாவுல இருந்து வருது, உள்ள அந்த ஊரு நேரம்தான் இருக்கும். நெட் லைன் குடுக்கிறதுக்கு முன்னாடி ஊரை இந்தியான்னு மாத்தணும். மாத்தலேன்னா, நம்ம கையால வச்ச மணியைத் தூக்கிப் போட்டுட்டு அது தன் ஊரு மணிக்கு ஓடிரும். அதைப் பிடிக்கத்தான் வாட்சைக் காட்டுறதே.

"இது எந்தக் கடைக்கா?"

படத்துப் பேரை வாசிச்சேன். ஐயம்பெருமாள் அண்ணாச்சி கடைக் குடோன். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, தீபாவளி சமயம். அந்தப் பேரைத் திரும்ப ஒரு தடவை வாசிச்சேன்.

"அன்னைக்கு டிவியைப் பார்த்து சரி சொன்னது யாரு?"ன்னு தமயந்தி கேட்டா.

"நான்தான் பார்த்தேன்"னேன்.

இவரு எழுந்திரிச்சு வெளிய போனாரு. ராத்திரி சாப்பிடல. வயிறு சரியில்லையாம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

எழுதிருவோம்.

அந்தத் தீபாவளி சமயம் அண்ணாச்சி குடோன்ல குத்துவிளக்குப் பெட்டி ஒண்ணு காணாமப் போச்சு. குடோன் தனியா பின்தெருவுல இருக்கு, அதுக்குத் தனிப் பதிவுப் பெட்டி, உள்ள ஒரே ஒரு கேமரா. என்னைக் கூப்பிட்டாக. நான்தான் போய்ப் படத்தை எடுத்துக் குடுத்தேன். கடையில வேலை பார்த்த பேச்சித்தாய் குடோனுக்குள்ள விளக்கோட நிக்கா. மணி ஒன்பது அம்பது. குடோனை எட்டரைக்கே பூட்டியாச்சு.

அவ கெஞ்சுனா. "அண்ணாச்சி, நீங்கதானே ஏழு மணிக்கு அனுப்புனீக, விளக்கு எடுத்துட்டு வான்னு!" அண்ணாச்சிக்கு ஞாபகம் இல்ல. தீபாவளிக் கூட்டத்துல யாரை எங்க அனுப்புனோம்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்? எல்லாரும் என் மூஞ்சியைப் பார்த்தாக. நான் பெருமையா சொன்னேன். "மனுசன் பொய் சொல்வான். கேமரா பொய் சொல்லாது."

சொன்னது நான்தான். இந்த வாய்தான்.

ஒன்பது அம்பதுல ரெண்டரையைக் கழிச்சா ஏழு இருபது. அவ சொன்னதுதான் நெசம். அன்னைக்கு ஒரே ஒரு நிமிசம் பெட்டியோட மணியைச் சரி பார்த்திருந்தா முடிஞ்சிருக்கும். பார்க்கல. என் வேலை மேல எனக்கு அம்புட்டு நம்பிக்கை. அடுத்த மாசம் மழைத்தண்ணி இறங்கி அந்தப் பெட்டியும் செத்துப் போச்சு, புதுசு வச்சேன். அவ படம் பஜார் வாட்ஸப் குரூப் பூரா சுத்துச்சு. 'விளக்குக் கள்ளி'ன்னு பேரு.

சாயங்காலம் தமயந்தி வந்தா. விசயத்தைச் சொன்னேன். அவ கண்ணு விரிஞ்சு போச்சு. "அக்கா, மொத்த வேலைக்கும் உயிரே இதுதான்! அந்தக் குடோன் வீடியோ கிடைக்குமா?"

எனக்கு வந்துச்சே கோவம். "ஒரு பொம்பளை பேரு ரெண்டு வருசமா நாறிக் கெடக்கு, உனக்கு அது கலையா? எடுத்துத் திரையில போட என்ன இருக்குன்னு பார்க்கியா? போ வெளிய"ன்னுட்டேன்.

போகல. "தப்புக்கா. அந்த வீடியோ வேண்டாம். நீங்க என்ன செய்யச் சொல்றீங்களோ அதைச் செய்றேன்"னா. அதுக்கப்புறம்தான் அவளை எனக்குப் பிடிச்சது.

ஆகஸ்ட் 27, புதன்

பேச்சித்தாயைத் தேடிக் கண்டுபிடிச்சேன். ரயில்வே கேட் தாண்டி ஒரு கல்யாண சமையல்காரர்கிட்ட வேலை. தேங்காய் துருவிட்டு இருந்தா. என்னைப் பார்த்ததும் கை நின்னுச்சு.

"இப்ப என்ன காணாமப் போச்சு?"ன்னா.

சொன்னேன். எல்லாத்தையும். முடிச்சதும் கேட்டா, "அன்னைக்கு நான் கத்துனேன். நீ என்ன சொன்ன?"

"கேமரா பொய் சொல்லாதுன்னு சொன்னேன்."

"இப்ப?"

"பொய் சொன்னது என் கேமராதான் தாயி. நீ எடுக்கல."

அவ அழுவான்னு நினைச்சேன். அழல. "என் மகளுக்குப் பேசி முடிச்ச இடம், அந்தப் படத்தைக் காட்டித்தான் வேண்டாம்னு போனாக. இங்க வந்து என் காதுல சொல்லிட்டா ஆச்சா? அது எங்கெங்க போச்சோ அங்கெல்லாம் போய்ச் சொல்லு"ன்னா. திரும்பவும் துருவ ஆரம்பிச்சுட்டா.

சரியாத்தான் கேக்கா.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அண்ணாச்சிகிட்டப் போனேன். கேட்டுட்டு விசிறியை வச்சுட்டாரு. "போனது போகட்டும் தாயி. அவளை வேணா திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுக்கிடுதேன். இதை மைக்ல பேசாத."

"குரூப்ல போட்டது நீங்க. அங்கயே நீங்க சொல்லணும் அண்ணாச்சி."

"அப்ப விளக்கை எடுத்தது யாரு?"

"அது எனக்குத் தெரியாது. அவ இல்லன்னு தெரியும்."

அவரு குரலைத் தணிச்சுக்கிட்டாரு. "நீ யோசி. மணி தப்பா வச்சேன்னு நீயே சொன்னா, நாளைக்கு எந்தக் கடைக்காரன் உன்னை ஏணியில ஏத்துவான்? போலீசு ஸ்டேசனுக்கு நீ குடுத்த படமெல்லாம் என்ன ஆகும்? பதினோரு வருசம் சேர்த்த பேரு. ஒரு நிமிசத்துல கவுத்துருவியா?"

எந்திரிச்சு வந்துட்டேன். பயமாத்தான் இருக்கு. எழுதுறதுக்கு என்ன வெக்கம், பயமாத்தான் இருக்கு. நூத்திப் பதினெட்டு கேமராவும் போயிட்டா எங்க ரெண்டு பேருக்கும் சோத்துக்கு வழி கிடையாது.

ஆகஸ்ட் 30, சனி

இன்னும் நாலு நாள் யோசிப்போம்னு நினைச்சேன். ஒரு நாள் கூடத் தாங்கல. தமயந்தி போன் பண்ணி, "அந்தப் படத்தை எந்த மணியில வைக்கட்டும்க்கா? எடுத்துரட்டுமா?"ன்னு கேட்டா.

"எடுக்காத. பெட்டி சொன்ன மணியிலயே வை. வாட்சு நல்லாத் தெரியட்டும். அங்க வந்ததும் நிறுத்து, நான் பேசிக்கிடுதேன்."

நல்லதுக்கு மட்டும் என் பேரு, தப்புக்கு மெசினா? அது நியாயம் இல்ல.

செப்டம்பர் 5, வெள்ளி

பழைய படங்களை எல்லாம் ராவும் பகலுமா உக்காந்து சரி பார்த்துட்டேன். நானூத்திப் பத்துலயும் மணி ஒண்ணுதான். அந்த ஒண்ணு மட்டும்தான் தப்பு. ஊரை மாத்தாம விட்டது அன்னைக்கு ஒரு நாள்தான்.

வேலைக்குப் போற இடத்துல இப்ப நானே ஏணியில இருந்து இறங்கி டிவியைப் பார்த்துட்டுத் திரும்ப ஏறுறேன். இவருக்குக் கீழ வேற வேலை குடுக்கிறேன். டப்பாவுல ஸ்க்ரூ எடுத்துத் தாங்கன்னா தடவித் தடவி எடுத்துத் தாராரு.

செப்டம்பர் 13, சனி

பேச்சித்தாய் வீட்டுக்குப் போய் அழைப்பிதழ் வச்சேன். வாங்கி மடியில போட்டுக்கிட்டா.

இவரு ராத்திரி, "கொடி, நாளைக்கு நானும் ஒரு வார்த்தை பேசட்டா?"ன்னாரு. "உங்களுக்கு மேடைன்னா நாக்கு ஒட்டிக்கிடும். பேசாம இருங்க"ன்னு சொல்லி விளக்கை அணைச்சுட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மண்டபம் நிறைஞ்ச கூட்டம். பட்டுச் சேலை கட்டியிருந்தேன். அண்ணாச்சி பொன்னாடை போர்த்துனாரு. படம் ஓட ஓடக் கைதட்டு. கடைக்காரங்க ஒவ்வொருத்தரும், "அந்தா என் கடை, அந்தா என் கடை"ன்னு கத்துறாக. எனக்குத் தலை நிமிர்ந்து நின்னுச்சு. அப்படி ஒரு பெருமை இந்தப் பிறவியில பட்டதில்ல. இதைப் போய்க் கெடுக்கணுமான்னு ஒரு நிமிசம் மனசு தடுமாறுச்சு. உள்ளதைச் சொல்றேன்.

ஏழு பத்து வந்துச்சு. தமயந்தி நிறுத்துனா. எந்திரிச்சு மைக்கை வாங்குனேன்.

"எல்லாரும் வாட்சைப் பாருங்க. மூலையைப் பாருங்க"ன்னேன். மண்டபமே பார்த்துச்சு. பெட்டி மணியைப் பத்தி, குடோனைப் பத்தி, விளக்கைப் பத்தி ஒண்ணு விடாமச் சொன்னேன். "பேச்சித்தாய் எடுக்கல. அவ சொன்னதுதான் நெசம். மணியைப் பார்க்காம விட்டது நான். ஏணியில நின்னது நான். கேமரா பொய் சொல்லாதுன்னு சொன்னதும் நான். இனி யாருக்கு என் மேல நம்பிக்கை இல்லையோ, அவுக கேமராவை நானே வந்து கழட்டித் தாரேன்."

மூணாவது வரிசையில இவரு எந்திரிச்சு நின்னாரு. "இல்ல, அன்னைக்கு டிவி முன்னாடி..."ன்னு ஆரம்பிச்சாரு.

"நீங்க உக்காருங்க!"ன்னு மைக்லயே சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாக. அவரு சிரிக்கல. நின்னுக்கிட்டே இருந்தாரு. நான் பார்த்த பார்வையில உக்காந்தாரு.

அப்புறம் ஒருத்தரும் கைதட்டல. அண்ணாச்சி மேடையில தரையைப் பார்த்துட்டு இருந்தாரு. பின்னால இருந்து பேச்சித்தாய் நடந்து வந்தா. எப்ப வந்தாளோ, நான் கவனிக்கல. மேடைக்கு ஏறல. திரைக்கு முன்னாடி, என் எட்டடி மூஞ்சிக்குக் கீழ வந்து கூட்டத்தைப் பார்த்து நின்னா. மைக்கும் வாங்கல.

"எல்லாரும் போனை எடுங்க"ன்னா. "என்னை எனக்குத் தெரியாம ஒரு தடவை எடுத்தீக. வீடு வீடா அனுப்புனீக. இப்ப தெரிஞ்சே நிக்கேன், எடுங்க."

மொதல்ல ஒரு போன். அப்புறம் பத்து. அப்புறம் மண்டபம் பூரா. அவ ஒவ்வொரு போனையா நேராப் பார்த்தா. கண்ணைத் தாழ்த்தவே இல்ல.

"நான் பேச்சித்தாய். நான் களவாங்கல. அன்னைக்கு எங்கெல்லாம் அனுப்புனீகளோ, இதையும் அங்கெல்லாம் அனுப்புங்க."

சொல்லிட்டுச் சேலையை உதறிச் சொருகிக்கிட்டு வெளிய போயிட்டா. தமயந்தி கேமராவைக் கையில வச்சிருந்தா, எடுக்கல. அழுதுட்டு இருந்தா.

செப்டம்பர் 15, திங்கள்

மதுரையில கண் ஆசுபத்திரி வரிசையில உக்காந்து எழுதுறேன். எனக்குக் கண்ணு பார்க்கணும், துணைக்கு வாங்கன்னு சொல்லித்தான் இவரைக் கூட்டியாந்தேன். சீட்டுல ரெண்டு பேரு பேரையும் எழுதிட்டேன். தன் பேரைக் கூப்பிட்டதும் என்னைப் பார்த்தாரு. "போயிட்டு வாங்க"ன்னேன். போனாரு. சொட்டு மருந்து விட்டு அனுப்பியிருக்காக, இப்ப பக்கத்துல கண்ணை மூடி உக்காந்திருக்காரு.

காலையில ரெண்டு கடைக்காரர் போன் பண்ணி, கேமராவைக் கழட்டிருன்னு சொல்லிட்டாக. நாளைக்குப் போகணும்.

எதிர் பெஞ்சுல திருமங்கலத்துப் பொம்பளை ஒருத்தி போன்ல என்னமோ ஓட்டிட்டு இருந்தா. பேச்சித்தாய் குரல்னு கேட்டதும் தெரிஞ்சு போச்சு. "இந்த அம்மா நிக்கிற நிப்பைப் பாருங்க, என்ன தைரியம்!"னு என்கிட்டயே காட்டுனா. "எங்க ஊருக்காரிதான்"னேன்.

என் போனுக்கும் அது பதினாலு தடவை வந்திருச்சு. பதினஞ்சாவது இப்பத்தான் வந்தது, பஜார் குரூப்ல, ஐயம்பெருமாள் அண்ணாச்சி நம்பர்ல இருந்து. கீழ ஒரு வரி எழுதியிருக்காரு. 'அன்று ஏழு மணிக்கு பேச்சித்தாயைக் குடோனுக்கு அனுப்பியது நான்தான்.'

பேச்சித்தாய்க்கு அனுப்பிட்டேன். அப்புறம் இவரு காதுகிட்டப் போய் மெதுவா வாசிச்சுக் காட்டினேன். திரும்ப வாசின்னாரு. வாசிச்சேன்.